மியூசியத்துல கையால வரைஞ்ச ராமாயணம் போட்டாங்க, பாத்தவங்க வந்து பேசுங்க

பால்வெட்டு_மகன்:
வணக்கம் எல்லாருக்கும், மலேசியா சுங்கை சிப்புட்லேருந்து எழுதுறேன். போன சனிக்கிழமை மியூசியத்துல அந்த ராமாயண அனிமேஷன் படத்த, 'ராமாயணா: த லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா', ஸ்பெஷலா போட்டாங்கல்ல, நம்ம பக்கத்து தோட்டத்துப் பிள்ளைங்கள ஏத்திக்கிட்டு ஒரு வேன் நிறைய போய் பாத்துட்டு வந்தோம். வாட்சப் குரூப்புல போட்டா நாலு தம்ஸப் வந்து அதோட மேல போயிடும், அதான் இங்க இழை தொறக்குறேன், கொஞ்சம் பொறுமையா பேசலாம்.

தெரியாதவங்களுக்கு, இது ஜப்பானும் இந்தியாவும் சேந்து செஞ்ச படம், 1992ல முடிச்சாங்க. யூகோ சாக்கோன்னு ஒரு ஜப்பான்காரரு இந்தியாவுல அலகாபாத் பக்கத்துல நடந்த அகழாய்வப் பத்தி 1983ல ஒரு டாக்குமெண்டரி எடுக்கப் போனாரு, அங்கதான் ராமாயணம் அவரப் புடிச்சிக்கிச்சு. அப்புறம் வருஷக்கணக்கா அலைஞ்சு இயக்குநருங்க கோயிச்சி சசாக்கி, இந்தியப் பக்கம் ராம் மோகன் இவங்களோட சேந்து படத்த முடிச்சாரு. 450 கலைஞர்கள், ஏறக்குறைய ஒரு லட்சம் செல், எல்லாமே கையால. 1993 ஜனவரில டெல்லில அனைத்துலகத் திரைப்பட விழாவுல காட்டுனாங்க. ஆனா அயோத்திப் பிரச்சன கொதிச்சிக்கிட்டு இருந்த நேரம் அது, தியேட்டருக்கு ஒழுங்கா வரவே முடியல. டிவிலயும் விசிடிலயும் சுத்திச் சுத்தி வந்து, 2025 ஜனவரி 24லதான் இந்தியாவுல பெருசா ரிலீஸ் ஆச்சு, 4கே-ல புதுப்பிச்சு, தமிழ்லயும் போட்டாங்க. சாக்கோ 2012ல போயிட்டாரு, ராம் மோகன் 2019ல, இசை போட்ட வன்ராஜ் பாட்டியா 2021ல. மூணு பேரும் அந்த ரிலீஸ பாக்கல, எனக்கு இதுதான் மனசுல கெடந்து அறுக்குது.

நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். இந்த மாதிரிப் படத்த நம்ம பிள்ளைங்க பெரிய திரையில பாக்கணும், ஃபோன்ல இல்ல. பெரிய திரையில கோடு தெரியுது. மனுஷன் போட்ட கோடுன்னு தெரியுது. இத நம்மூரு தேவான்ல, அதான் பொது மண்டபத்துல, போட முடியுமான்னு பேசத்தான் வந்திருக்கேன்.

செம்பனைக்காடு:
அண்ணே தப்பா எடுத்துக்காதீங்க, நானும் வந்தேன், என் பையன் பாதில தூங்கிட்டான். ரெண்டேகால் மணிநேரம் ரொம்ப நீளம். அவனுக்கு உப்பின் இப்பின் கார்ட்டூன் வேகம் பழக்கம், இதுல ஆளு ஒரே போஸ்ல நிக்கிறாங்க வாய் மட்டும் அசையுது. யூடியூப்ல பாதிப் பாதியா பாத்திருந்தா முழுசா பாத்திருப்பான். இதுக்குப் போயி மியூசியம் வரைக்கும் போகணுமா?

கோடு_புள்ளி:
செம்பனைக்காடு, உங்க பையன் தூங்குனது அவன் குத்தம் இல்ல, படத்தோட குத்தமும் இல்ல. மத்தியானச் சாப்பாடு முடிஞ்சு ஏர்கோன்ல உக்கார வச்சா யாருக்கும் தூக்கம் வரும். ஆனா வாய் மட்டும் அசையுதுன்னு சொன்னீங்கல்ல, அது எதனாலன்னு சொல்றேன், நான் கே.எல்.ல அனிமேஷன் படிச்சவ, இதுல எனக்குப் பைத்தியம்.

சினிமா ஒரு செகண்டுக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 தனித்தனிக் கட்டம், ஓடும். கையால வரையுறவங்க பெரும்பாலும் ஒரு படத்த ரெண்டு ஃப்ரேமுக்கு நிறுத்துவாங்க, அப்ப செகண்டுக்கு 12 படம். இந்தப் படம் 135 நிமிஷம், அதாவது 8,100 செகண்ட். 12ஆல பெருக்கிப் பாருங்க, 97,200. மேல அண்ணன் சொன்ன ஒரு லட்சத்துக்குக் கிட்ட வருதா? கணக்கு இவ்ளோ நேரா இருக்காது, அத முதல்லயே சொல்லிடுறேன். ஒரே ஃப்ரேம்ல ராமன் ஒரு செல்லு, லட்சுமணன் ஒரு செல்லு, பின்னாடி வர்ற குரங்குக் கூட்டம் இன்னொரு செல்லுன்னு அடுக்குவாங்க, அங்க எண்ணிக்கை ஏறும். ஆளு சும்மா நிக்கிற எடத்துல உடம்ப ஒரே செல்லுல விட்டுட்டு வாய மட்டும் தனியா வரைவாங்க, அங்க மிச்சம் புடிப்பாங்க. அந்த மிச்சத்த எங்க கொண்டு போயி கொட்டுவாங்க தெரியுமா? சண்டையில, வெள்ளத்துல, நெருப்புல, கும்பகர்ணன் எந்திரிக்கிற மாதிரி எடத்துல. வாய் மட்டும் அசையுற எடம் சோம்பேறித்தனம் இல்லைங்க, அது பட்ஜெட்டு. ஜப்பான்ல இத ஒரு கலையாவே வளத்து வச்சிருக்காங்க.

யூடியூப்ல பாக்குறத நான் வேணாம்னு சொல்லல. ஆனா அங்க அமுக்கிச் சின்னதாக்குன வீடியோவுல மெல்லிசுக் கோடெல்லாம் கரைஞ்சு போயிடும். பின்னணி ஓவியத்துல தண்ணிக் கலர் ஒண்ணுக்குள்ள ஒண்ணு ஊறி நிக்கிற எடம் எல்லாம் கட்டம் கட்டமா உடையும். அப்படிப் பாத்துட்டு இது பழசு, மட்டம்னு பிள்ளைங்க முடிவு பண்ணிடுறாங்க. அதுதான் எனக்கு வலிக்குது.

மரவள்ளி_ஆன்ட்டி:
தங்கச்சி செல்லுன்னா என்னாம்மா, ஹேண்ட்போனா? எங்களுக்குப் புரியுற மாதிரி சொல்லு.

கோடு_புள்ளி:
ஆன்ட்டி, கண்ணாடி மாதிரி தெரியுற பிளாஸ்டிக் தாளு. ஆரம்பத்துல செல்லுலாய்ட்ல செஞ்சாங்க, அதனால செல்லுன்னு பேரு நின்னுடுச்சு, அது சட்டுன்னு தீப்புடிக்கும்னு பின்னாடி அசிட்டேட்டுக்கு மாறுனாங்க. முதல்ல பேப்பர்ல பென்சில்ல வரைவாங்க. அத இந்தத் தாளு மேல கோடா ஏத்துவாங்க, அந்தக் காலத்துல பேனாவால ஒவ்வொண்ணா, 60கள்லேருந்து மெஷின் வச்சு. அப்புறம் தாளத் திருப்பிப் போட்டு பின்பக்கம் கலர் அடிப்பாங்க. பின்பக்கம் ஏன்னா, முன்னாடி இருக்குற கோடு மறையக்கூடாது. காஞ்சதும் பின்னணி ஓவியத்து மேல வச்சு, மேலேருந்து கீழ பாக்குற கேமராவுக்கு அடியில கண்ணாடி போட்டு அமுக்கி, ஒரு ஃப்ரேம் எடுப்பாங்க. எடுத்துட்டு அடுத்த தாளு. இப்படியே ரெண்டேகால் மணிநேரப் படம்.

இதுல ஒரு நுணுக்கம் இருக்கு, எனக்கு ரொம்பப் புடிச்சது. தாளு பாக்கத்தான் கண்ணாடி மாதிரி, உண்மையில ஒவ்வொரு தாளும் ஒரு துளி வெளிச்சத்தக் குடிச்சிடும். அதனால அடியில இருக்குற ஆளோட கலர் கொஞ்சம் மங்கும். மேல அடுக்குல இருக்கறப்ப ராமன் ஒரு நீலம், அடி அடுக்குக்குப் போனா வேற நீலம் கலந்து அடிக்கணும், அப்பதான் திரையில ரெண்டும் ஒரே நீலமா தெரியும். கலர் அடிக்கிறவங்க இதக் கணக்கு வச்சுக் கலக்குவாங்க. அமெரிக்காவுல அந்தக் கலர் செக்ஷன்ல பெரும்பாலும் பொம்பளைங்க, ஜப்பான்லயும் நிறையப் பேரு. பேரு கடைசில சின்ன எழுத்துல ஓடும், பல படத்துல அதுவும் கெடையாது.

மரவள்ளி_ஆன்ட்டி:
இப்ப வெளங்குச்சு. நான் முப்பது வருஷத்துக்கு மேல ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டுனவ. வெட்டுக் கோடு எடப்பக்கம் மேலேருந்து வலப்பக்கம் கீழ சரிஞ்சு வரணும், பட்டைய அவ்ளோ மெல்லிசா சீவணும், கொஞ்சம் ஆழமா போனா மரத்துல காயம் பட்டு அந்த எடம் முண்டும் முடிச்சுமா ஆயிடும், அப்புறம் அந்தப் பக்கம் வெட்ட முடியாது. ஒரு மரத்தப் பாத்தா இது இன்னார் கைன்னு மேற்பார்வை பாக்குற மண்டோர் சொல்லிடுவாரு. இந்தப் பிள்ளைங்க போட்ட கோடும் அந்த மாதிரித்தான் போல, தெனமும் ஒரே கை, ஒரே அளவு. நான் படத்துக்கு வரல, முட்டி வலி. அடுத்த தடவ இங்கயே போட்டா வர்றேன், முன் வரிசையில ஒரு நாற்காலி போடு.

பால்வெட்டு_மகன்:
ஆன்ட்டி உங்களுக்கு முன் வரிசை உண்டு, நான் பொறுப்பு.

தமிழ்ப்பள்ளி_டீச்சர்:
நான் பிள்ளைங்களோட பின் வரிசையில உக்காந்திருந்தேன், பாத்தத எழுதுறேன். இங்கிலீஷ் பதிப்பு போட்டாங்க, கீழ மலாய் சப்டைட்டில். பாட்டெல்லாம் சமஸ்கிருதம். ரெண்டாம் வகுப்புப் பிள்ளைங்களுக்கு சப்டைட்டில் படிக்கிற வேகம் இல்ல. முதல் அர மணிநேரம் தவிச்சாங்க. ஆனா அனுமான் வந்ததும் மொழி யாருக்கும் தேவப்படல. என் பக்கத்துல இருந்த புள்ள, வீட்டுல பாட்டி சொன்ன கதைய இன்னொரு புள்ளைக்குத் தமிழ்ல ஓட்டிக்கிட்டே வந்துச்சு, அடுத்து வால்ல தீ வைப்பாங்க பாரு, அடுத்து கல்லத் தூக்கிப் போட்டு பாலம் கட்டுவாங்க பாருன்னு. முன்னாடி இருந்த மலாய்க்காரக் குடும்பத்துல ஒரு பொண்ணு திரும்பித் திரும்பி அடுத்து என்னான்னு கேக்க ஆரம்பிச்சிடுச்சு, நம்ம புள்ள மலாய்ல சொல்லுது. அந்த ரெண்டுக்கும் நடுவுல நடந்தத நான் பாடத்துல நடத்த முடியாது.

தமிழ்ப் பதிப்பு இருக்குறப்ப அதையே கேட்டு வாங்கியிருக்கலாம்ங்கறது என் கருத்து. எல்லா இனமும் வர்ற எடம், மலாய் சப்டைட்டில் வேணும், சரி. தமிழ்ச் சத்தம், மலாய் எழுத்துன்னு போட்டா என்ன கெட்டுப் போச்சு? நம்ம தேவான்ல போடறதா இருந்தா இத முதல்ல முடிவு பண்ணுங்க.

இன்னொண்ணு. ராமன் நடக்குறதும், கும்பிடுறதும், சீதை சேலைய ஒதுக்குறதும் எல்லாம் நம்ம ஆளுங்க பண்ற மாதிரியே இருந்துச்சே, ஜப்பான்காரங்க எப்படிப் புடிச்சாங்க?

கோடு_புள்ளி:
டீச்சர், அங்கதான் ராம் மோகன் பக்கத்து உழைப்பு. வேட்டி எப்படி மடிஞ்சு விழும், பெரியவங்க காலத் தொடுறப்ப உடம்பு எப்படி வளையும்னு இந்தியக் கலைஞர்கள் சொல்லிக் கொடுத்திருக்காங்க. ராம் மோகன் சாதாரண ஆளு இல்ல. 1956ல பம்பாய் ஃபிலிம்ஸ் டிவிஷன் கார்ட்டூன் யூனிட்ல சேந்தவரு, டிஸ்னிலேருந்து வந்த கிளேர் வீக்ஸ்ங்கறவரு அங்க பயிற்சி குடுத்தாரு. சத்யஜித் ராயோட 1977 படம் ஒண்ணுல வர்ற அனிமேஷன் துண்டு இவரு கை வேலதான். முப்பத்தஞ்சு வருஷ அனுபவத்தக் கொண்டாந்து இந்தப் படத்துல எறக்கியிருக்காரு. சும்மா ஜப்பான் படம்னு சொல்லி முடிச்சிடக்கூடாது.

பழைய_ஆப்பரேட்டர்:
எல்லாரும் நல்லா இருக்கீங்களா. எனக்கு வயசு எழுபதாச்சு, தம்பி பையன் டைப் பண்ணிக் குடுக்குறான். தேவான்ல போடலாமான்னு கேட்டதால சொல்றேன். எங்க காலத்துல தோட்டத்துல சம்பளம் போட்ட வாரத்துல திடல்ல படம் காட்டுவாங்க. ரெண்டு கம்பத்துக்கு நடுவுல வெள்ளத் துணி, 16 எம்எம் மெஷினு, ஜெனரேட்டர் சத்தம் கேக்காம இருக்க அத பிள்ளைங்கள பாத்துக்குற ஆயாக்கொட்டகைக்குப் பின்னாடி கொண்டு போயி வைப்போம். எடம் பத்தாம துணிக்குப் பின் பக்கமும் ஜனம் உக்காரும், அவங்களுக்கு எம்ஜிஆரு எடக்கையால கத்தி சுத்துவாரு, எழுத்தெல்லாம் கண்ணாடில பாக்குற மாதிரி இடவலம் மாறி ஓடும், ஆனா கைதட்டுல கொற இருக்காது.

தோட்டத்துப் படம் போக அரசாங்க வேனும் வரும். மலாயன் ஃபிலிம் யூனிட்டுன்னு 1946ல ஆரம்பிச்சாங்க, கொசு ஒழிப்பு, சுகாதாரம், சேமிப்புன்னு சின்னச் சின்னப் படம், தமிழ்லயும் பேசும். பிறகு அதுக்கு ஃபிலெம் நெகாரான்னு பேரு மாறுச்சு. நான் சொல்ல வந்தது, அன்னைக்குப் படம் ஜனத்தத் தேடி வந்துச்சு. இன்னைக்கு நீங்க வேன் புடிச்சுப் போயிருக்கீங்க. வேன் காசு குடுக்க முடியாத வீட்டுப் பிள்ளைங்க வந்திருக்காதே, அத யாரும் இங்க எழுதல.

பால்வெட்டு_மகன்:
ஐயா சொன்னது உண்ம. வேனுக்கு ஆளுக்குப் பத்து வெள்ளின்னு (ரிங்கிட்) போட்டோம். ரெண்டு மூணு வீட்ல பிள்ளைங்க பேரு குடுத்துட்டு அப்புறம் வரல. அதனாலதான் நம்மூர்லயே போடணும்ங்கறேன், டிக்கெட் இல்லாம, நடந்து வர்ற தூரத்துல.

ஈப்போ_காரி:
ஐயா ஃபிலெம் நெகாரா பேர எடுத்ததால நானும் ஒண்ணு சொல்லணும், பல பேருக்குத் தெரியாது. மலேசியாவோட முதல் அனிமேஷன் குறும்படம் அங்கதான் செஞ்சது. ஹிக்காயாட் சாங் கஞ்சில், 1978ல செஞ்சாங்க, டிவில வந்தது 1983ல. செஞ்சவரு பேரு ஆனந்தம் சேவியர். செட் டிசைனரா இருந்தவரு. கஞ்சில் கத நம்ம எல்லாருக்கும் பள்ளிக்கூடத்துலேருந்து தெரியும், சருகுமான் மொதலைய எண்ணுறேன்னு வரிசையா நிக்க வச்சு முதுகு மேல தாண்டி ஆத்தக் கடக்குமே. அந்த முதலை கத பிறகு 1987ல தனிப் படமாவே வந்துச்சு, ஃபிலெம் நெகாராலேருந்துதான்.

எங்க பிள்ளைங்க கிட்ட மலேசிய அனிமேஷன்னா என்னான்னு கேட்டா எஜென் அலி, உப்பின் இப்பின்ம்பாங்க. பெருமதான், நானும் பாக்குறேன். ஆனா கம்ப்யூட்டர் இல்லாத காலத்துல ஆனந்தம் சேவியர்னு ஒருத்தரு உக்காந்து வரைஞ்சு இந்த நாட்டுல கதவத் தொறந்து விட்டாருங்கறத ஒரு தமிழ்ப்பள்ளிச் சுவத்துலயாவது பாத்திருக்கோமா? அவரு பேர பாடப்புத்தகத்துல போடணும். நான் இதச் சும்மா பேச்சுக்குச் சொல்லல. மியூசியத்துல ராமாயணம் போட்டது சரி, அதுக்கு முன்னாடி இந்தக் குறும்படத்தையும் போட்டிருந்தா அன்னைக்கு வந்த அத்தன பிள்ளைங்களும் அந்தப் பேரோட வீட்டுக்குப் போயிருக்கும்.

செம்பனைக்காடு:
இது எனக்கு சத்தியமா தெரியாது அக்கா. ஆனந்தம் சேவியர். குறிச்சு வச்சுக்கிட்டேன்.

வாயாங்_ரசிகன்:
நான் கிளந்தான்ல வேல பாத்துட்டு இப்ப இங்க வந்தவன். மியூசியத்துல படம் போட்ட ஹாலுக்கு வெளிய வாயாங் கூலிட், அதான் நிழல் கூத்துப் பொம்மைங்க, கண்ணாடிப் பெட்டில இருந்துச்சே, யாராச்சும் நின்னு பாத்தீங்களா? எல்லாரும் நேரா டாய்லெட்டுக்கும் கேன்டீனுக்கும் ஓடுனாங்க. அது அத்தனையும் ராமாயணம்தான்! ஸ்ரீ ராமா, சித்தி டேவி (நம்ம சீதை), ராவணா, வெள்ளக் கொரங்கு ஹனுமான். கிளந்தான்ல தோக் டாலாங்ங்கற கூத்துக்காரர் ஒருத்தரே திரைக்குப் பின்னாடி உக்காந்து அத்தன பேருக்கும் கொரல் குடுப்பாரு, விளக்க வச்சு நிழல் காட்டுவாரு, கூட வாத்தியக்காரங்க. மாட்டுத் தோல வெட்டி, உளி வச்சு ஓட்ட ஓட்டையா கொத்தி, கலர் பூசி, மூங்கில் குச்சில கட்டி ஆட்டுறது. இந்தப் பக்கத்துல ராமாயணத்துக்கு அசையுற படம் நேத்து வந்தது இல்லைங்க, ஜப்பான்காரரு வர்றதுக்கு எவ்ளவோ காலத்துக்கு முன்னாடியே நம்ம நாட்டுல ஓடிக்கிட்டு இருந்திருக்கு.

அந்த மியூசியத்துக்காரங்க கூட இத மைக்குல ஒரு வார்த்த சொல்லல. பொம்மையும் படமும் பத்தடி தூரத்துல இருக்கு, நடுவுல ஒரு பலகை வச்சிருந்தா போதும். நம்மூர்ல போட்டா ஒரு டாலாங்க கூப்பிட்டு கால் மணிநேரம் ஆடச் சொல்லுவோம், எனக்கு ஆளு தெரியும், நான் பேசுறேன்.

தமிழ்ப்பள்ளி_டீச்சர்:
சார் தயவுசெஞ்சு பேசுங்க. பக்கத்து தேசியப் பள்ளிப் பிள்ளைங்களையும் கூப்பிடலாம்.

நெட்ஒர்க்_தம்பி:
எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனா நடக்குறத பேசுவோம். இப்ப ஏஐ-ல ராமாயணம் பண்ணு, ஜப்பான் ஸ்டைல்ல பண்ணுன்னு எழுதுனா கொஞ்ச நேரத்துல வந்துடுது. ஒரு லட்சம் தாளு, 450 பேரு, பத்து வருஷ அலைச்சல்லாம் இனிமே எதுக்கு? பிள்ளைங்களுக்கு அத சொல்லிக் குடுத்தா வேலைக்காவது ஆகும்.

கோடு_புள்ளி:
தம்பி, நான் இந்தத் துறையில சம்பளம் வாங்குறவ, அந்த மெஷின நானும் தொட்டுப் பாத்திருக்கேன், கண்ண மூடிக்கிட்டுத் திட்ட வரல. ஆனா கேளு. அனுமான் கடலத் தாண்டறப்ப முதல்ல குனியணும். எவ்ளோ நேரம் குனியணும்? ஆறு படமா எட்டு படமா? ஆறுன்னா அவசரக்காரன், எட்டுன்னா பாரம் உள்ளவன், பதினாலுன்னா கெழவன். அத ஒருத்தன் உக்காந்து யோசிக்கிறான், தன் வீட்டுக் கண்ணாடி முன்னாடி குனிஞ்சு பாக்குறான், வரையுறான், தாள விரல்ல புரட்டிப் பாக்குறான், சரி இல்லன்னு கிழிச்சுப் போடுறான். அப்புறம் முக்கியமான படத்துக்கு நடுவுல வர்ற படங்கள இன்னொருத்தன் போடுறான், மூணாவது ஆளு கோட்டச் சுத்தம் பண்றான். திரையில அனுமான் குனிஞ்ச அந்த முக்கா செகண்டுல நீ பாக்குறது அவங்க எடுத்த முடிவு. மெஷின் குடுக்குறது ஏற்கனவே இப்படி முடிவெடுத்த ஆயிரம் பேரோட வேலைய அரைச்ச மாவு. அவங்கள யாரும் கேக்கவும் இல்ல, காசும் குடுக்கல. உன்னோட பேச்சுல எனக்குக் கோவம் வர்றது அங்கதான்.

வேல விஷயம் சொன்ன. நேரத்தையும் பாரத்தையும் கையால கத்துக்கிட்டவன் எந்த மெஷின்ல உக்காந்தாலும் பொழைப்பான். 3டி ஸ்டூடியோவுல எங்கள இன்டர்வியூ பண்றப்ப பென்சில் டெஸ்ட், அதாவது பென்சில்ல வரைஞ்சு அசைய வச்ச துண்டு, காட்டச் சொல்லித்தான் கேட்டாங்க.

நெட்ஒர்க்_தம்பி:
அக்கா புரியுது. நான் செலவு பக்கத்துலேருந்துதான் பேசுனேன். ப்ரொஜெக்டர் வேணும்னா எங்க கடையிலேருந்து தர்றேன், வாடகை வேணாம்.

பால்வெட்டு_மகன்:
தம்பி, அத அப்படியே புடிச்சிக்கிட்டேன். ஸ்பீக்கர் மாரியம்மன் கோயில் கமிட்டி கிட்ட கேக்குறேன்.

பழைய_ஆப்பரேட்டர்:
தம்பிங்களா, மியூசியத்துல போட்டது ஃபிலிமா கம்ப்யூட்டரா? ரொம்பச் சுத்தமா இருந்துச்சுன்னு தம்பி பையன் சொல்றான். எனக்குக் கொஞ்சம் அழுக்கு வேணும். ஒரு தூசி, ஒரு கீறல், ரீல் மாத்துற எடத்துல ஓரமா ஒரு பொட்டு. அது இருந்தாத்தான் படம்.

கோடு_புள்ளி:
ஐயா, டிஜிட்டல்தான், 4கே பதிப்பு. கீறல் போனதுக்கு நான் வருத்தப்படல, அது ஓட்டி ஓட்டி வந்தது, வரைஞ்சவங்க போட்டது இல்ல. ஆனா தூசில ரெண்டு வகை இருக்கு. செல்லுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல மாட்டி, படம் புடிக்கிறப்பவே பதிஞ்ச தூசி, தாளோட மெல்லிசு நிழலு, கலர் அடிச்ச எடத்துல லேசான திட்டு, இதெல்லாம் வேல பாத்த மேசையோட அடையாளம். சில கம்பெனிங்க புதுப்பிக்கிறேன்னு சாஃப்ட்வேர்ல போட்டுத் தேச்சு தேச்சு, தூசியோட சேத்து பென்சில் கோட்டோட சொரசொரப்பையும் வழிச்சு எடுத்துடுறாங்க, படம் மெழுகு பூசுன மாதிரி ஆயிடுது. இதுல அந்தத் தப்பு நடக்கல, சீதையோட முகத்த கிட்டக்க காட்டுற எடத்துல கோடு தடிச்சு மெலிஞ்சு உயிரோட இருந்துச்சு.

ஃபிலிமாவே வச்சிருக்கலாமேன்னு கேட்டா, நம்ம ஊரு வெக்கைக்கும் ஈரத்துக்கும் அசிட்டேட் ஃபிலிம் பெரிய கஷ்டம். சூடும் ஈரமும் சேந்தா அது தானா சிதைய ஆரம்பிச்சு புளிக்காடி வாசன அடிக்கும், சுருங்கி வளையும், பக்கத்து டப்பாவுல இருக்குற நல்ல ஃபிலிமையும் கெடுத்துடும். குளிரா காய்ஞ்ச ரூம்ல வச்சாத்தான் நிக்கும். யார் வீட்லயாச்சும் பழைய ரீல் டப்பா இருந்து அந்த வாசன வந்தா, பூட்டி வைக்காதீங்க, மத்ததுலேருந்து பிரிச்சு வச்சுட்டு உடனே பழைய படம் பாதுகாக்குற ஒரு ஆர்க்கைவ் ஆளக் கூப்பிடுங்க.

பழைய_ஆப்பரேட்டர்:
எங்கிட்ட ரெண்டு டப்பா இருக்கு. இன்னைக்குத் தொறந்து மோந்து பாக்குறேன்.

ஈப்போ_காரி:
ஐயா அதுல என்னா படம்?

பழைய_ஆப்பரேட்டர்:
லேபிள் போயிடுச்சும்மா. ஒண்ணு தோட்டத்து விளையாட்டுப் போட்டி எடுத்ததுன்னு நெனைக்கிறேன்.

ஈப்போ_காரி:
தொறந்து ஓட்டிப் பாக்காதீங்க ஐயா, மெஷின்ல போட்டா கிழிஞ்சிடும். நான் ஞாயித்துக்கிழம வர்றேன், ஸ்கேன் பண்ற எடம் விசாரிச்சுட்டு வர்றேன்.

தமிழ்ப்பள்ளி_டீச்சர்:
கோடு புள்ளி, உங்க கிட்ட ஒரு உதவி. படம் பாத்துட்டு வந்த நாள்லேருந்து நாலாம் வகுப்புப் பிள்ளைங்க நோட்டு ஓரத்துல எல்லாம் குரங்கு வரைஞ்சு புரட்டிப் புரட்டிக் காட்டுறாங்க, கணக்கு நோட்டையும் விடல. திட்ட மனசு வரல. இவங்கள ஒழுங்கா வரைய வைக்கணும்னா என்னா வாங்கணும்? பள்ளிக்கூடத்துல காசு அதிகம் இல்ல.

கோடு_புள்ளி:
டீச்சர், காசு அதிகம் வேணாம். ஏ4 பேப்பர், பென்சில், ஆபிஸ்ல இருக்குற ரெண்டு ஓட்ட பஞ்ச் போதும். கையால வரையுறதுல முதல் பிரச்சன, தாளுக்குத் தாளு எடம் நகரக்கூடாது. ஸ்டூடியோவுல அதுக்கு முளை வச்ச பட்டை இருக்கும், தாள்ல ஓட்ட போட்டு அதுல மாட்டுவாங்க. நமக்கு பழைய ஆர்ச் ஃபைல் இருக்கே, அதோட இரும்புக் கம்பிப் பகுதிய கழட்டி ஒரு பலகையில ஆணியடிச்சுடுங்க, அதுதான் நம்ம பட்டை. பஞ்ச் பண்றப்ப எல்லாத் தாளையும் ஒரே ஓரத்துல தட்டிச் சேத்துப் பண்ணுங்க.

அடித்தாளு தெரியணும்னா ஒரு கண்ணாடித் துண்ட ரெண்டு கட்டை மேல வச்சு, அடியில ஃபோன் டார்ச். கண்ணாடி ஓரத்துல டேப் ஒட்டிடுங்க, பிள்ளைங்க கை.

முதல் பாடம் அனுமான் வேணாம், பந்து. பந்து குதிக்கிறது. 12 படம், ஒரு செகண்ட். மேல உச்சியில இருக்கறப்ப படங்க நெருக்கமா இருக்கணும், கீழ வர வர எட்டி எட்டி இருக்கணும், அப்பதான் பாரம் வரும். எல்லாத்தையும் ஒரே தூரத்துல வரைஞ்சா பந்து மெதக்கும், பிள்ளைங்களே கண்டுபுடிச்சிடுவாங்க, நீங்க சொல்ல வேணாம். முதல்ல 1ஆவது, 7ஆவது படம் போடச் சொல்லுங்க, அப்புறம் நடுவுல. தாளு ஓரத்துல நம்பர் எழுதாம ஒரு தாளும் நகரக்கூடாது. ஃபோன ஸ்டாண்டுல மாட்டி, ஸ்டாப் மோஷன் ஆப்புல செகண்டுக்கு 12ன்னு வச்சு ஒவ்வொண்ணா எடுங்க.

பந்து சரியா வந்த பிள்ளைங்களுக்கு வாலு வச்ச பந்து குடுங்க. வாலு பந்துக்குக் கொஞ்சம் பின்னாடியே வரும், பந்து நின்ன பிறகும் ஆடும். அது வந்துடுச்சுன்னா அனுமான் தானா வருவாரு.

தமிழ்ப்பள்ளி_டீச்சர்:
ஆர்ச் ஃபைல் ஸ்டோர்ல ஒரு அலமாரி நிறைய கெடக்கு. வியாழக்கிழம பள்ளி முடிஞ்சு புறப்பாட நேரத்துல ஆரம்பிக்கிறேன். பலகை அடிச்சுக் குடுக்க யாராச்சும் வர முடியுமா?

செம்பனைக்காடு:
நான் வர்றேன் டீச்சர். சுத்தியல், ஆணி என் கிட்ட இருக்கு, பலகையும் ஃபேக்டரில கேட்டுக் கொண்டாறேன். பையனையும் கூட்டிட்டு வர்றேன், அவன் வேற பள்ளி, பரவால்லயா?

தமிழ்ப்பள்ளி_டீச்சர்:
கூட்டிட்டு வாங்க. ரெண்டு மணிக்கு வந்துடுங்க, கேட்டுல கார்டு கிட்ட நான் சொல்லி வைக்கிறேன்.